எழும் நேரத்திலிருந்து தொடங்குங்கள்: மனநலத்துக்கான அன்றாடப் பழக்கங்கள்

மனசு சரியில்லை என்று தோன்ற ஆரம்பித்ததும் பலர் ஒரே நாளில் வாழ்க்கையை மாற்றிவிட முடிவெடுக்கிறார்கள். நாளை முதல் ஐந்து மணிக்கு எழுவது, யோகா, தியானம், டைரி, சர்க்கரை இல்லாத காபி, போனைத் தொடுவதே இல்லை என்று பட்டியல் நீளும். நான்காவது நாள் ஏதாவது ஒன்று தவறும், அதோடு எல்லாமே நின்றுபோகும். 'என்னால் இதுகூட முடியவில்லையே' என்ற பாரம் மட்டும் மிஞ்சும். ஏற்கெனவே சோர்ந்திருப்பவருக்கு அந்தப் பாரம் தேவையே இல்லை.

அதனால் இங்கே ஒரே ஒரு பழக்கத்தில் தொடங்கலாம். அது கொஞ்சம் படிந்த பிறகு அடுத்தது. முழுவதும் கைக்கு வர இரண்டு மூன்று மாதங்கள் ஆகும், அவசரமில்லை. லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் பிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்து, 2010-இல் அச்சில் வெளியிட்டார்கள். ஒரு புதிய செயல் யோசிக்காமலே செய்கிற பழக்கமாக மாற ஆளுக்கு ஆள் 18 நாட்களிலிருந்து 254 நாட்கள் வரை ஆகலாம் என்றும், நடுமதிப்பு 66 நாட்கள் என்றும் அதில் தெரிந்தது. எனக்கு அதில் பிடித்தது வேறொரு முடிவு: இடையில் ஒரு நாள் தவறியதால் பழக்கம் படிவது பெரிதாகப் பாதிக்கப்படவில்லை. இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிப் பேர் நான்காவது நாளில் நிறுத்தமாட்டார்கள்.

தொடங்கும் முன் ஒன்று. உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்துகொண்டிருந்தால் பழக்கங்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இப்போதே பக்கத்தில் இருப்பவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்தியாவில் இருந்தால் 14416 என்ற எண்ணுக்கு அழையுங்கள். அது 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசுச் சேவை. 24 மணி நேரமும் இயங்குகிறது, கட்டணமில்லை, தமிழில் பேசலாம். 1986-லிருந்து சென்னையில் இயங்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. இலங்கையில் இருந்தால் 1926 என்ற எண்ணுக்கு அழையுங்கள்.

முதல் படி: எழும் நேரம்

இரவு எத்தனை மணிக்குத் தூங்குவது என்பது முழுக்க நம் கையில் இல்லை. படுத்தாலும் தூக்கம் வராமல் போகலாம். எத்தனை மணிக்கு எழுவது என்பதை மட்டும் ஓரளவு நாமே முடிவு செய்ய முடியும். அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன்.

வேலை நாளில் நீங்கள் கட்டாயம் எழ வேண்டிய நேரம் எதுவோ, அதையே ஏழு நாளுக்கும் வையுங்கள். ஆறரை என்றால் ஞாயிற்றுக்கிழமையும் ஆறரை. மிஞ்சிப்போனால் அரை மணி தாமதிக்கலாம். ஞாயிறு பத்து மணிவரை தூங்கினால் அன்று இரவு தூக்கம் தள்ளிப்போய், திங்கட்கிழமை காலை உடம்பு அடித்துப் போட்டதுபோல் இருக்கும். உடம்புக்குள் ஏறக்குறைய 24 மணி நேரச் சுழற்சியில் ஓடுகிற கடிகாரம் ஒன்று உண்டு. அது செல்களுக்குள் எப்படி இயங்குகிறது என்று கண்டறிந்த மூன்று அமெரிக்க விஞ்ஞானிகளுக்கு 2017-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. தூக்கம், பசி, உடல் வெப்பம் எல்லாம் அந்தக் கடிகாரத்தோடு பிணைந்தவை. மனநிலையும் அப்படித்தான். எழும் நேரம் தினமும் மாறினால் அது எதை நம்பி ஓடும்?

செய்முறை எளிது. அலாரத்தைக் கட்டிலுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். ஸ்னூஸ் வேண்டாம். எழுந்ததும் செய்கிற முதல் வேலை ஒன்றை முந்தைய இரவே முடிவு செய்துகொள்ளுங்கள். முகம் கழுவுவது, பால் பாக்கெட் எடுக்கப் போவது, செடிக்குத் தண்ணீர் விடுவது என்று எதுவானாலும் சரி, எழுந்து நடக்க வேண்டிய வேலையாக இருந்தால் போதும். மனச்சோர்வில் காலை நேரம்தான் பலருக்கு மிகக் கடினம். 'எழுந்து என்ன செய்யப்போகிறோம்' என்ற கேள்வி வருவதற்கு முன்பே கால் தரையில் இருக்க வேண்டும்.

இரவுப் பணியில் இருப்பவர்கள் இந்த நேரத்தைத் தங்கள் ஷிஃப்டுக்கு ஏற்ப வைத்துக்கொள்ளலாம். பகல் ஒரு மணிக்கு எழுவதானால் தினமும் ஒரு மணி. தூங்கும் அறையில் கறுப்புத் துணியோ கனமான திரையோ போட்டு இருட்டாக்குங்கள். வீட்டில் இருப்பவர்களிடம் அந்த நேரத்தில் காலிங் பெல் அடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். இதைச் சொல்ல யாரும் கூச்சப்பட வேண்டாம்.

இந்த ஒன்றை மட்டும் இரண்டு வாரம் செய்யுங்கள்.

இரண்டாவது படி: வெளிச்சமும் நடையும்

எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் வெளியே போங்கள். மொட்டை மாடி, வாசல், தெருமுனை, எங்கே என்றாலும் சரி. வீட்டுக்குள் எல்லா விளக்கையும் போட்டாலும் வெளிச்சம் சில நூறு லக்ஸைத் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) தாண்டுவது அரிது. மேகமூட்டமான காலையில்கூட வெளியே அதைப் போலப் பல மடங்கு இருக்கும். கண்ணில் படும் காலை வெளிச்சம்தான் உள்ளே இருக்கும் கடிகாரத்தைச் சரியான நேரத்துக்குத் திருப்பி வைக்கிறது. அன்று இரவு தூக்கம் எப்போது வரும் என்பதும் ஓரளவு அதைப் பொறுத்ததே. சூரியனை நேராகப் பார்க்கத் தேவையில்லை, பார்க்கவும் கூடாது. காபி டம்ளரோடு மாடியில் பதினைந்து நிமிடம் நின்றாலே நல்ல தொடக்கம்.

அடுத்த வாரம் அந்தப் பதினைந்து நிமிடத்தை நடையாக மாற்றுங்கள். பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அந்த எண்ணைக் கண்டு பயந்துவிட வேண்டாம். கொஞ்சம் நடப்பது அறவே நடக்காததைவிட நல்லது என்பதையும் அதே வழிகாட்டுதல் சொல்கிறது. எந்த வேகம் என்று கேட்டால், பக்கத்தில் வருபவரோடு பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. சித்திரை, வைகாசி வெயிலில் ஏழு மணிக்கு மேல் நடப்பது உடம்புக்கு ஆகாது. அந்த மாதங்களில் சீக்கிரமாகவோ, பொழுது சாய்ந்தோ போங்கள். தெருநாய்த் தொல்லையோ இருட்டோ இருந்தால் மாடியிலேயே நடக்கலாம். ஸ்மார்ட் வாட்சோ புது ஷூவோ வாங்கிய பிறகு தொடங்கலாம் என்று ஒத்திப்போட வேண்டாம், இருக்கிற செருப்போடு போங்கள்.

வீட்டுவேலையே நாள் முழுக்க இருக்கிறது, இதற்கு மேல் நடையா என்று பெண்கள் கேட்பது நியாயமான கேள்வி. வீட்டுவேலையும் உடலுழைப்புதான். ஆனால் அதே நான்கு சுவரை விட்டு வெளியே வருவதும், யாரும் கூப்பிடாத இருபது நிமிடமும் அந்த வேலையில் கிடைப்பதில்லை. வீட்டில் மற்றவர்கள் அந்த இருபது நிமிடத்துக்கு இடம் விட வேண்டும். அடுப்பில் இருக்கும் பாலை வேறொருவர் பார்த்துக்கொள்ளலாம்.

'மனசு நன்றாக இருந்தால் நடப்பேன்' என்று காத்திருப்பதுதான் இங்கே பெரிய தடை. மனச்சோர்வில் இருப்பவர் ஒவ்வொன்றாக விட்டுவிடுகிறார். நடை போகும், பூப்பறிப்பது போகும், கோயில், நண்பர்கள், பாட்டு என எல்லாம் போகும். சந்தோஷம் தரக்கூடியவை குறையக் குறையச் சோர்வு கூடும், சோர்வு கூடக் கூட இன்னும் விட்டுவிடுவார். உளவியலாளர் பீட்டர் லூவின்சன் 1970-களில் இந்தச் சுழலை விளக்கினார். அதிலிருந்து வளர்ந்த சிகிச்சை முறை இன்றும் மனச்சோர்வுக்குப் பயன்படுகிறது. அதன் சாரம்: விருப்பம் வரும்வரை காத்திருக்காதே, சிறிய அளவில் செய்துவிடு, விருப்பம் பின்னால் வரும். மழை நாளுக்கும் மோசமான நாளுக்கும் ஒரு குறைந்தபட்ச அளவை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள். நடை என்றால் வாசல்வரை போய் வருவது. அதைச் செய்தாலும் அன்றைய கணக்கு முடிந்தது.

மூன்றாவது படி: இரவு

தூக்கம் வராதவர்கள் செய்கிற காரியங்களில் பெரும்பாலானவை தூக்கத்தை இன்னும் கெடுப்பவை. சீக்கிரமே படுத்துவிடுவது, படுக்கையில் புரண்டுகொண்டே மணி பார்ப்பது, பகலில் இரண்டு மணி நேரம் தூங்கி ஈடுகட்டுவது. ரிச்சர்ட் பூட்சின் என்ற அமெரிக்க உளவியலாளர் 1972-இல் முன்வைத்த விதிகள் இன்றைக்கும் தூக்கமின்மைச் சிகிச்சையின் அடிப்படையாக இருக்கின்றன. அவற்றை நம் வீட்டுக்கு ஏற்பச் சொல்கிறேன்.

கண் சொக்கும்போது மட்டும் படுங்கள். படுக்கையில் டி.வி., போன், அலுவலக வேலை, வீட்டுக் கணக்கு எதுவும் வேண்டாம். படுத்து ஏறக்குறைய இருபது நிமிடம் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்துவிடுங்கள். மணி பார்க்கக் கூடாது, தோன்றினால் போதும். மங்கலான வெளிச்சத்தில் உட்கார்ந்து சுவாரசியம் குறைந்த ஒரு வேலையைச் செய்யுங்கள். பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டலாம், துணி மடிக்கலாம், நாளைக்கான வெங்காயத்தை உரித்து வைக்கலாம். மறுபடி கண் சொக்கியதும் போய்ப் படுங்கள். ஓரறை வீட்டில் நான்கு பேர் படுத்திருந்தால் எங்கே போவது? சமையலறைத் தரையில் ஒரு பாய் போதும், வாசல்படியும் போதும். எத்தனை முறை எழுந்தாலும் சரி, காலையில் எழும் நேரம் மட்டும் மாறக் கூடாது. முதல் ஒரு வாரம் பகலில் தூக்கம் தள்ளும். அந்த நாட்களில் வண்டி ஓட்டுவதில் கவனமாக இருங்கள். வலிப்பு நோய் உள்ளவர்களும், மனநிலை மிகையாக உயர்ந்து தாழும் இருதுருவ நோய் உள்ளவர்களும் தூக்கத்தைக் குறைக்கும் எந்த முறையையும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது.

மாலைக் காபி பற்றி: காபியில் உள்ள காஃபின் உடம்பில் பாதியாகக் குறையவே பொதுவாக ஐந்து மணி நேரம்போல ஆகிறது. ஐந்து மணிக்குக் குடித்த காபியில் பாதி, பத்து மணிக்குப் படுக்கும்போதும் உள்ளே இருக்கிறது. பதற்றம் அதிகம் உள்ளவர்களுக்குப் படபடப்பையும் கூட்டும். பகல் இரண்டு மணியோடு காபி, டீயை நிறுத்திப் பத்து நாள் பாருங்கள். திடீரென்று நிறுத்தினால் ஓரிரு நாள் தலைவலி வரலாம், அது போய்விடும்.

தூக்கத்துக்காகக் குடிப்பவர்களும் இருக்கிறார்கள். மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் விழிக்க வைக்கும். அடுத்த நாள் பதற்றத்தையும் சோர்வையும் அதிகமாக்கும். ஆனால் தினமும் நிறையக் குடித்துப் பழகியவர் தானாகச் சட்டென்று நிறுத்துவது உடலுக்கு ஆபத்து. வலிப்புகூட வரலாம். அவர்கள் மருத்துவரின் துணையோடுதான் நிறுத்த வேண்டும்.

நான்காவது படி: கவலை நோட்டு

கவலைப்படாதே என்று யார் சொல்லியும் கவலை நின்றதில்லை. ஆனால் அதற்கு ஒரு நேரம் ஒதுக்கிவிட முடியும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் தாமஸ் போர்கோவெக் குழுவினர் 1983-இல் சோதித்த முறை இது. தினமும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில், அரை மணி நேரம் கவலைப்படுவதற்கென்றே உட்காருவது. மற்ற நேரத்தில் கவலை வந்தால் 'சாயந்தரம் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிவைத்துவிட்டுக் கையிலிருக்கும் வேலைக்குத் திரும்புவது.

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். நேரம் மாலை ஆறு மணிபோல இருக்கட்டும், படுக்கப் போகும் முன் வேண்டாம். முதலில் பதினைந்து நிமிடம் போதும். பகலில் கவலை வரும்போது ஒரு வரி மட்டும் குறித்துக்கொண்டு நோட்டை மூடிவிடுங்கள். மாலையில் அந்த வரிகளை எடுத்து ஒவ்வொன்றிடமும் ஒரே கேள்வி கேளுங்கள்: இதில் நான் செய்யக்கூடியது ஏதாவது இருக்கிறதா?

ஒரு பக்கம் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். இடது பக்கம் 'வீட்டு ஓனர் வாடகையை ஏற்றிவிடுவாரோ' என்று இருக்கிறது. அதற்கு எதிரே: 'ஞாயிறு காலை போய் நேரில் கேட்பது. ஆயிரம் ரூபாய்வரை ஏற்றினால் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் பின்தெருவில் விசாரிப்பது.' அடுத்த வரி 'அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ'. அதற்கு எதிரே: 'சர்க்கரை டெஸ்ட் வரும் வெள்ளி. மாத்திரை டப்பாவை நானே நிரப்பி வைப்பது. மற்றது என் கையில் இல்லை.' மூன்றாவது வரி 'மேனேஜர் காலையில் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை'. மாலையில் படிக்கும்போது அதற்கு எதிரே எழுத ஒன்றுமே இருக்காது. அதை அடித்துவிடலாம்.

பாதி வரிகள் இந்த மூன்றாவது வகையாகவே இருப்பதைச் சில நாளில் நீங்களே பார்ப்பீர்கள். காலையில் நெஞ்சை அடைத்தது மாலையில் ஒரு வரியாகக் கிடக்கும். நேரம் முடிந்ததும் நோட்டை மூடிவிட்டு எழுந்துவிடுங்கள். யாரும் படிக்காத இடத்தில் அதை வையுங்கள். கூட்டுக் குடும்பத்தில் அது சுலபமில்லை என்றால், எழுதிய தாளைக் கிழித்துப் போட்டுவிட்டாலும் பயன் குறையாது.

தியானம், மூச்சுப் பயிற்சி பற்றிக் கேட்பவர்களுக்கு: பதற்றம் ஏறும் நேரத்தில் நான்கு எண்ணும்வரை மூச்சை உள்ளே இழுத்து, ஆறு எண்ணும்வரை மெல்ல வெளியே விடுங்கள். ஐந்து நிமிடம் போதும். சிலருக்குக் கண்ணை மூடி உட்கார்ந்தால் பதற்றம் கூடுவதுண்டு. அவர்கள் அதை விட்டுவிட்டு நடக்கப் போகலாம். தியானம் கைகூடாதது குறை ஒன்றும் இல்லை.

ஐந்தாவது படி: மனிதர்கள்

சோர்வு முதலில் நம்மைத் தனிமைப்படுத்தும். போன் அடித்தால் எடுக்கத் தோன்றாது, வாட்ஸ்அப் செய்தி மூன்று நாள் பதிலில்லாமல் கிடக்கும். பிறகு பதில் போடவே வெட்கமாகிவிடும். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் 1938-இல் தொடங்கி இன்றுவரை தொடரும் ஆய்வு ஒன்று, நூற்றுக்கணக்கானவர்களை இளமையிலிருந்து முதுமைவரை பின்தொடர்ந்தது. முதுமையில் உடலும் மனமும் நலமாக இருப்பதற்கும் நெருக்கமான உறவுகளுக்கும் வலுவான தொடர்பு இருப்பதை அது திரும்பத் திரும்பக் காட்டியிருக்கிறது.

வாரத்துக்கு ஒருவர் என்று ஆரம்பியுங்கள். பேசினால் மனசு லேசாகிறவர் யார், கனமாகிறவர் யார் என்பது உங்களுக்கே தெரியும். முதல் வகையில் ஒருவரை வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரத்தில் அழையுங்கள். நேரம் குறித்துவிட்டால் 'இன்றைக்குப் பேசலாமா வேண்டாமா' என்ற தயக்கம் இருக்காது. ரொம்ப நாள் கழித்து அழைப்பதால் கூச்சமாக இருந்தால், 'கொஞ்ச நாளா மனசு சரியில்லக்கா, அதான் பேசல' என்ற ஒரு வரி போதும். பெரும்பாலும் எதிர்ப்பக்கத்திலிருந்து 'எனக்கும் அப்படித்தான்டா இருக்கு' என்று பதில் வரும். கேட்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: 'உனக்கென்ன குறை?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். 'சாப்பிட்டியா, ராத்திரி தூங்கினியா?' என்று கேளுங்கள்.

ஆளில்லாத ஊருக்குப் புதிதாகப் போனவர்களுக்கு, ஒரே டீக்கடைக்கு ஒரே நேரத்தில் போவதும், நூலகத்தில் ஒரே மேசையில் உட்காருவதும், சனிக்கிழமை கிரிக்கெட் ஆட்டத்தில் சேர்வதும் நல்ல தொடக்கம். முகங்கள் பழகட்டும், பேச்சு பிறகு வரும்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வேளைக்குச் சாப்பிடுங்கள், காலை உணவைத் தவிர்த்துவிட்டுக் காபியில் ஓட்டாதீர்கள். போன் பற்றியும் ஒன்றே ஒன்று: எழுந்த முதல் அரை மணி அதைத் தொட வேண்டாம். நம் ஊர் மெசேஜ் குரூப்களில் விடியற்காலையிலேயே விபத்துச் செய்திகள் வந்து விழுகின்றன.

பழக்கம் போதாத இடம்

இந்தப் பழக்கங்கள் மனநலத்தைத் தாங்கும், நோய்க்கு மருந்தாகிவிடாது. பெரும்பாலான நாட்கள், நாளின் பெரும்பகுதி, இரண்டு வாரத்துக்கு மேல் மனசு இறுகியே இருக்கிறது, எதிலும் விருப்பமில்லை, தூக்கமும் பசியும் மாறிவிட்டன, வேலை செய்ய முடியவில்லை என்றால் மருத்துவரைப் பாருங்கள். இதற்கு நேர்மாறாக, பல நாள் தூங்காமலே களைப்பில்லாமல் இருப்பது, பேச்சு நிற்காமல் போவது, பணத்தை வாரி இறைப்பது இருந்தாலும் போக வேண்டும். யாரும் இல்லாதபோது குரல் கேட்பது, எல்லோரும் தனக்கெதிராகச் சதி செய்வதாக உறுதியாக நம்புவது இருந்தால் தாமதிக்கவே கூடாது.

தமிழ்நாட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் மாவட்டத் தலைமை மருத்துவமனைகளிலும் மனநலப் பிரிவு இருக்கிறது. ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் 'மனநலப் பிரிவு' என்று சொன்னால் போதும், அங்கே காரணம் சொல்லத் தேவையில்லை. பார்ப்பதற்கும் மருந்துக்கும் பணம் வாங்குவதில்லை. தனியாரிடம் போவதானால், மருந்து எழுதுபவர் மனநல மருத்துவர், பேச்சுவழிச் சிகிச்சை தருபவர் உளவியலாளர் என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். சிலருக்கு இருவரும் தேவைப்படும். தைராய்டு குறைவு, ரத்தசோகை, பி12 குறைபாடு ஆகியவையும் மனச்சோர்வு போலவே காட்டும். அதனால் மருத்துவர் ரத்தப் பரிசோதனை எழுதினால் வியக்க வேண்டாம். மனச்சோர்வு மருந்துகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும். முதல் வாரத்தில் பலன் இல்லை என்று விடுவதும், தேறியதும் தானாக நிறுத்துவதும் நோய் திரும்ப வழிவிடும். நிறுத்துவதையும் மருத்துவர்தான் படிப்படியாகச் செய்வார்.

போகும் முன் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். எப்போது தொடங்கியது, எத்தனை மணிக்குத் தூங்கி எப்போது எழுகிறீர்கள், என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடும்பத்தில் யாருக்காவது இதுபோல் இருந்ததா, உயிரை விடும் எண்ணம் வந்ததா. உள்ளே போனதும் அழுகை வந்து வார்த்தை வராமல் போகலாம். அப்போது அந்தத் தாளை அப்படியே நீட்டிவிடலாம். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். அவர் முன்னால் சொல்ல முடியாதது இருந்தால், 'கொஞ்ச நேரம் இவங்க வெளியில இருக்கட்டும் டாக்டர்' என்று கேட்கலாம், அது வழக்கமாக நடப்பதுதான்.